பரிசத் தேங்காய்க்குக் கிடைத்த பரிசு

உட்காருங்கள் தம்பி, படி சுத்தமாகத்தான் இருக்கிறது. நான் துண்டால் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தியேட்டர் கதவு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். நமக்கு முன்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், நிற்கட்டும். வயசானவர்களுக்குத் தனி வரிசை என்று வாசலில் நிற்கிற பெண் சொல்லியிருக்கிறாள். என் கூடவே வந்துவிடுங்கள், பேரன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கழுத்தில் பட விழா அட்டை போட்டிருக்கிறீர்களே, என்ன வேலை?

சப்டைட்டிலா? படத்துக்கு அடியில் இங்கிலீஷில் ஓடுமே, அதை எழுதுகிறவரா நீங்கள்?

அட! அப்படியானால் நாம் இரண்டு பேரும் ஒரே தொழில். சிரிக்காதீர்கள். இந்த ஊரில் தமிழ்ப் படத்துக்கு முதன்முதலில் இங்கிலீஷ் எழுதினவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று யாராவது வந்து நிரூபிக்கட்டும். நிரூபிக்கக்கூடியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.

வருஷம் ஐம்பத்தெட்டு. இல்லை, ஐம்பத்தொன்பது. மரகதத்தைக் கட்டினது அறுபது தை மாசம், இது அதற்கு முந்தின ஐப்பசி. ஐம்பத்தொன்பதுதான். சென்னையில் ஒரு சர்வதேசப் பட விழா நடந்தது. நீங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டீர்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தியது. ஒரே ஒரு வருஷம்தான் நடந்தது, பிறகு அவர்களுக்குள் சண்டை. ஆனால் அந்த ஒரு வருஷம் பதினோரு தேசத்துப் படம் வந்தது தம்பி. வெள்ளைக்காரர்கள், ஜப்பான்காரர்கள், எகிப்துக்காரர்கள் எல்லாம் மவுண்ட் ரோட்டில் முழங்கால் தண்ணீரில் பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நல்ல மழை அந்த வருஷம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. பேர் தெய்வசிகாமணி. மவுண்ட் ரோட்டில் ஒரு தியேட்டரில் ஸ்லைடு எழுதுகிற வேலை. ஸ்லைடு என்றால் உங்களுக்குத் தெரியாது. உள்ளங்கை அளவுக் கண்ணாடி. அதில் விளக்குக் கரியைப் பூசி, கிராமபோன் ஊசியால் எழுத்தைக் கீற வேண்டும். மேலே இன்னொரு கண்ணாடி வைத்து ஓரத்தை ஒட்டிவிட்டால், கரி போன இடத்தில் வெளிச்சம் போய்த் திரையில் வெள்ளையாக எழுத்துத் தெரியும். பற்பொடி விளம்பரம், 'தொலைந்த குழந்தை ஆபீசில் இருக்கிறது', 'எச்சில் துப்பாதீர்கள்' எல்லாம் நான்தான். தமிழிலும் எழுதுவேன், இங்கிலீஷிலும் எழுதுவேன். இங்கிலீஷ் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். படித்தது எட்டாவது. எழுத்து மட்டும் பி.ஏ.

அந்த விழாவில் தமிழ்ப் படம் ஒன்று போட்டியில் இருந்தது. 'பரிசத் தேங்காய்' என்று பேர். எடுத்தவர் நஞ்சப்பன். உடுமலைப்பேட்டைப் பக்கம், பருத்தி ஆலைக்காரர். சினிமா மேல் ஆசை வந்து இறங்கியிருந்தார். படம் ஊரில் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது, வயிறு வலிக்கச் சிரிக்கிற படம். ஆனால் விழாவில் ஒரு சட்டம். எந்தப் படமானாலும் இங்கிலீஷ் வாசகம் இருக்க வேண்டும். ஃபிலிமிலேயே அதைப் பதிக்கிற வசதி அப்போது இங்கே கிடையாது, வெளிதேசத்துக்கு அனுப்ப நாளும் இல்லை. விழாக்காரர்கள் பார்த்தார்கள், சரி, ஸ்லைடில் எழுதிப் பக்கத்தில் ஒரு சின்னத் திரையில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நஞ்சப்பன் எங்கள் தியேட்டருக்கு வந்தார். இடைவேளையில் இங்கிலீஷில் நான் எழுதின 'எச்சில் துப்பாதீர்கள்' ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

"இதை எழுதினது யாருங்?"

மேனேஜர் என்னைக் கைகாட்டினார்.

"ஏன் தம்பி, எந்தக் காலேஜு?"

"எட்டாவதுங்க. அதுக்கு மேல நானே படிச்சுக்கிட்டேன்."

"நீயே படிச்சியா! அப்ப காலேஜுக்காரனை விட நீ ஒசத்தி. அவனுக்காவது வாத்தியார் இருந்தான், உனக்கு அதும் இல்லையே. என்ற படத்துக்கு நீதான் எழுதோணும். பரிசு ஒண்ணு வந்துதுன்னா உன்னை நம்ம கம்பெனியில நெரந்தரமா வெச்சுக்கறேன். மாசச் சம்பளம்."

மாசச் சம்பளம் என்றதும் உடனே சரி என்றுவிட்டேன். காரணம் இருக்கிறது.

என் அம்மாவின் தம்பி பொன்னுரங்கம் மாமா. ராயபுரத்தில் வீடு, துறைமுகத்தில் குமாஸ்தா. அவர் மகள்தான் மரகதவல்லி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த பெண். எனக்குத்தான் அவள் என்று பிறந்த நாளிலிருந்து பேச்சு. ஆனால் மாமாவுக்கு என் தொழில் பிடிக்கவில்லை. "ஊசியால கண்ணாடியைக் கீறி எவன்டா குடும்பம் நடத்தியிருக்கான்? மாசம் பொறந்தா சம்பளம் வரணும்டா. இல்லேன்னா செங்கல்பட்டு தபாலாபீஸ்காரனுக்குத் தை மாசம் முடிச்சுடுவேன்" என்றார். சொன்னால் செய்கிறவர். மரகதம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, கதவின் நாதாங்கி ஆடியதைத்தான் பார்த்தேன்.

ஆகவே தம்பி, 'பரிசத் தேங்காய்'க்குப் பரிசு வந்தால் மரகதம் எனக்கு, வராவிட்டால் செங்கல்பட்டுக்கு. நான் சாமி கும்பிட்டு உட்கார்ந்தேன்.

படத்தின் கதை ரொம்பச் சுலபம். செங்கமலம் என்று ஒரு பெண். அவளுக்கு முறைமாப்பிள்ளை இரண்டு பேர். ஒருவன் அத்தை மகன் முத்தையன், அவன்தான் கதாநாயகன். இன்னொருவன் அவள் அம்மாவின் தம்பி, தாய்மாமன் சின்னப்பன். நம்மில் தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவதும் உண்டு, அத்தை மகனுக்குக் கொடுப்பதும் உண்டு. இரண்டு பேரும் எனக்கு எனக்கு என்று மல்லுக்கு நிற்கிறார்கள். பரிசம் போட்டு நிச்சயம் செய்யக் கொண்டுவந்த தேங்காய் கைமாறிக் கைமாறிக் காணாமல் போகிறது. நடுவில் நெல் திருடுகிறவன் ஒருவன். கடைசியில் செங்கமலம் முத்தையனைக் கட்டுகிறாள், சின்னப்பன் அவள் சிநேகிதியைக் கட்டுகிறான், சுபம். எந்தத் தமிழன் சிரிக்காமல் இருப்பான்?

சரி, இங்கிலீஷுக்கு வருவோம். முதலில் தலைப்பு. மூர் மார்க்கெட்டில் ஒரு தமிழ்–இங்கிலீஷ் அகராதி வாங்கியிருந்தேன். அதில் 'பரிசம்' என்று பார்த்தால் 'பரிசு பார்க்க' என்று போட்டிருந்தது. பரிசைப் பார்த்தால் பிரைஸ். 'தி பிரைஸ் கோகனட்'. போட்டிக்கு எவ்வளவு பொருத்தம்!

அடுத்தது 'மாமா'. செங்கமலம் தாய்மாமனையும் மாமா என்பாள், முத்தையனையும் மாமா என்பாள், முத்தையனின் அப்பாவையும் மாமா என்பாள். உங்களுக்குத் தெரியாததா! அகராதியில் பார்த்தேன். அம்மாவின் சகோதரன், அத்தையின் புருஷன், மாமனார், கட்டிக்கொள்கிறவன் என்று வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் தலைப்பில் அங்கிள் என்று போட்டிருந்தது. இதிலே தொழில் நுணுக்கம் ஒன்று உண்டு. கண்ணாடியில் இருபது எழுத்துக்கு மேல் கொள்ளாது. மாமனார் என்பதை இங்கிலீஷில் எழுதினால் ஒரு வரி முழுக்க அதுவே படுத்துக்கொள்கிறது. அங்கிள் ஐந்தே எழுத்து. மூன்று பேருக்கும் அங்கிள் என்று போட்டேன். டூயட்டில் மட்டும் அவள் முத்தையனை 'மச்சான்' என்பாள். அதற்கு பிரதர். ஏழு எழுத்து, பரவாயில்லை.

முத்தையன் மீசையை முறுக்கிக்கொண்டு, 'அவ எனக்கு உரிமைப்பட்டவ' என்பான். உரிமைக்கு அகராதி சொத்து என்றது. 'ஷி இஸ் மை பிராப்பர்டி' என்று எழுதினேன். எவ்வளவு கச்சிதம் பாருங்கள். அம்மாக்காரி, 'மாமனுக்குத்தான்டி உன்னைக் கொடுக்கணும்' என்று சிரிப்பாள். 'யூ ஆர் கிவன் டு அங்கிள்'. ஒரு சொல் கூட மிச்சமில்லை, குறைச்சலும் இல்லை.

பதினெட்டு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடி எழுதினேன். நஞ்சப்பனுக்கும் அவர் சம்சாரம் மாராத்தாளுக்கும் லாட்ஜில் ஒருநாள் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

"அதென்ன தம்பி, அடிக்கடி அங்கிளு அங்கிளுங்கறே?"

"மாமாங்க."

"அப்படியா! மாராத்தா, கேட்டியா? மாமனுக்கு இங்கிலீசுல பேரு இருக்குதாமா! நான் உனக்கு அங்கிளு!"

மாராத்தாள் அம்மாவுக்கு அவர் சொந்தத் தாய்மாமன். அந்த அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே, "நல்லாத்தான் இருக்குதுங் மாமா" என்றார்.

படம் போட்டது ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. பெரிய திரைக்கு இடப்பக்கம் எட்டு முழ வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டினோம், அதுதான் என் திரை. மேலே ஆப்பரேட்டர் அறையில் ஸ்லைடு மிஷினுக்குப் பக்கத்தில் நான். காதால் வசனத்தைக் கேட்டுக் கையால் கண்ணாடியை மாற்ற வேண்டும். தலைகீழாகச் சொருகினால்தான் நேராகத் தெரியும். ஒன்றைக்கூடத் தப்பாகச் சொருகவில்லை தம்பி, சத்தியமாக.

முன் வரிசையில் நடுவர்கள் ஐந்து பேர். பாரபட்சம் வரக் கூடாது என்று தமிழர் யாரையும் வைக்கவில்லை. தலைமை ஒரு வெள்ளைக்கார அம்மா, வடக்கே பனி பெய்கிற தேசம், பேர் வாயில் நுழையாது, மேடம் என்போம். அவருக்குப் பக்கத்தில் கல்கத்தாவிலிருந்து ஒரு புரொபசர். அப்புறம் ஒரு ஜப்பான்காரர். பின்னால் எல்லாம் நம் ஜனங்கள். பத்தாவது வரிசையில் மாமாவும் மரகதமும். நான்தான் பாஸ் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன் வரிசையில் ஒரு சத்தம் இல்லை. துவாரத்தின் வழியே பார்த்தேன். மேடம் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். செங்கமலம் நிலா வெளிச்சத்தில் ஓடிப்போய் முத்தையன் மார்பில் சாய்ந்து 'மாமா' என்கிறாள், நான் அங்கிள் போடுகிறேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த சீனில் சின்னப்பன் வாழைப்பழத் தட்டோடு வந்து வழுக்கி விழுகிறான், 'மாமா!' என்கிறாள், அங்கிள். கல்கத்தாக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். டூயட்டில் பிரதர் போட்டபோது ஜப்பான்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொள்ளவே இல்லை. மேடம் எழுந்து திரும்பி, சிரித்துக்கொண்டிருந்த ஜனங்களைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். அவ்வளவு ஊன்றிப் படம் பார்க்கிறவர்களுக்கு இடைஞ்சல் பொறுக்காது அல்லவா?

இடைவேளையில் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன். சோடாக் கடைக்குப் பக்கத்தில் கல்கத்தாக்காரர் மாமாவைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் கப்பல்காரர்களோடு பேசிப் பேசி இங்கிலீஷ் வரும். மாமா முகம் சிவந்திருந்தது. வேட்டித் திரை இருந்த பக்கத்தைக் கைகாட்டி, எதையோ விளக்கப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். மரகதம் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க நின்றாள். தலைவலியோ என்று நினைத்தேன். சட்டென்று மாமா கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"அப்பா, வேணாம்."

"ஏம்மா, இது தப்புன்னு சொல்ல வேணாமா?"

"சொன்னா நான் செங்கல்பட்டுக்குப் போகணும்."

மாமா அவளைப் பார்த்தார். அப்புறம் கல்கத்தாக்காரர் பக்கம் திரும்பி, "எஸ் சார். ஆல் ட்ரூ சார். ஐ ஆல்ஸோ அங்கிள் சார்" என்றார்.

கல்கத்தாக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டார்.

அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று மரகதத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நெல் திருடுகிற சீன் சரியில்லை என்று அப்பா குறை சொல்லப் பார்த்தார், நான் தடுத்தேன் என்பாள். இருக்கும். மாமாவுக்கு எதிலும் ஒரு குறை சொல்ல வேண்டும்.

படம் முடியும்போது கல்யாணச் சீன். செங்கமலம் மாலையும் கழுத்துமாக வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். மேடம் தேம்பித் தேம்பி அழுதார். நம் ஜனங்கள் விசில் அடித்தார்கள். காமெடிப் படத்தைப் போட்டு ஒரு வெள்ளைக்காரரை அழவைத்திருக்கிறேன் தம்பி. மொழிபெயர்ப்பில் மூலம் அப்படி ஆழமாகிவிடும். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருக்குமே? இல்லையா? சின்ன வயசுதானே, வரும்.

பரிசளிப்பு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முதல் பரிசான பொன் விளக்கு ஒரு ஜப்பான் படத்துக்குப் போனது. அடுத்து வெள்ளி விளக்கு. மேடம் மைக்கில் வந்து நின்று, காகிதத்தைப் பிரித்து, 'தி பிரைஸ் கோகனட்' என்றார். நஞ்சப்பன் என் முதுகில் ஒரு அறை விட்டார் பாருங்கள், இன்னும் வலிக்கிறது. மனைவியையும் என்னையும் இழுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

மேடம் நீளமாகப் பேசினார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக் கொடுத்தால் நான் எந்த இங்கிலீஷையும் படிப்பேன், பேசினால் அங்கொன்றும் இங்கொன்றும்தான் பிடிபடும். நஞ்சப்பன் என் காதில் குனிந்தார்.

"என்ன சொல்றாங்கொ?"

"உங்க தைரியத்தைப் பாராட்டுறாங்க."

"என்ன தைரியம்?"

"மழைக்காலத்துல படம் ரிலீஸ் பண்ணீங்களே."

"அட, கரெக்டு! குரூயல் குரூயல்னு என்னமோ வருதே?"

"அது அந்த நெல்லுத் திருடனைச் சொல்றாங்க."

"அவனா? நல்ல பையனுங். என்ற மச்சினன்தான்."

விளக்கைக் கையில் வாங்கினதும் நஞ்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கைப் பிடித்துத் தமிழில் சொன்னார். "எனக்குப் பேசத் தெரியாதுங். நான் சின்ன வயசுல அப்பனை எழந்தவன். எங்க மாமன்மாருதான் என்னை வளத்துனாங்கொ. இந்தப் பரிசு எங்க ஊரு மாமன்மாரு அல்லாருக்கும் சமர்ப்பணமுங்." என்னைப் பார்த்து, "சொல்லு தம்பி" என்றார்.

நான் மைக் முன்னால் போனேன். ஆயிரம் பேர். பத்தாவது வரிசையில் மாமா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தெளிவாகச் சொன்னேன். "திஸ் பிரைஸ், ஃபார் ஆல் அங்கிள்ஸ்."

முதலில் மேடம் கை தட்டினார். கல்கத்தாக்காரர் எழுந்தார். வெளிநாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று தட்டினார்கள் தம்பி. ஒருவர் "ஷேம், ஷேம்!" என்று கத்தினார். கூட்டத்தில் யாரோ இடித்துத் தள்ளியிருப்பான். மறுநாள் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் போட்டிருந்தார்கள், நஞ்சப்பனின் பேச்சு கத்தி மாதிரி இருந்தது என்று. என் வாசகங்களைப் பற்றியும் ஒரு வரி. 'திடுக்கிட வைக்கும் நேர்மை.' பேர்தான் போடவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடி எழுதினவன் பேரைப் போட அரை வரி இடம் இல்லையா? போகட்டும்.

மேடையை விட்டு இறங்கும்போது மேடம் மாராத்தாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நஞ்சப்பனைக் காட்டி, இவர் உனக்கு யார் என்று மெதுவாகக் கேட்டார். அது எனக்குப் புரிந்தது. நான் தமிழில் கேட்டேன்.

அந்த அம்மா வெட்கப்பட்டு, "எங்க மாமனுங்" என்றார்.

"ஹர் அங்கிள், மேடம்."

"ஹஸ்பண்ட்?" என்று கேட்டார் மேடம்.

"எஸ் மேடம். சேம் அங்கிள்."

மேடம் மாராத்தாள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். மாராத்தாள் அம்மா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, "அழுவாதீங் கண்ணு, அழுவாதீங். உங்களுக்கு ஊட்டு நெனப்பு வந்துட்டாப்பல இருக்குது" என்றார். மேடம் ஒரு காகிதத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். எப்போது வேண்டுமானாலும் புறப்பட்டு வந்துவிடு, என் வீட்டில் உனக்கு இடம் உண்டு என்று எழுதியிருந்தது. என்ன உபசாரம் பாருங்கள்!

"மாமனையும் கூட்டியாரட்டுங்களான்னு கேளு தம்பி."

கேட்டேன். "நோ, நோ! அலோன்!" என்றார். பாவம், வீட்டில் ஒரு கட்டில்தான் இருக்கும் போல. மாராத்தாள் அம்மா போகவில்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த விலாசத்துக்கு எள்ளுருண்டை அனுப்பினார். மேடம் ஒரு வருஷம்கூடத் தவறாமல் கடிதம் போட்டார், இன்னும் அங்கேதான் இருக்கிறாயா என்று கேட்டு. இந்த அம்மா, ஆமாம் சௌக்கியம் என்று என்னை விட்டு எழுதச் சொல்வார்.

நஞ்சப்பன் சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமையே கம்பெனியில் உத்தரவு கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்கு நேராகப் போனேன். மாமா படித்தார். இரண்டு தடவை படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"மணி, அந்தப் படத்துல மொத்தம் எத்தனை அங்கிள்டா போட்ட?"

"எண்பத்தாறு, மாமா."

"எண்பத்தாறு." மாமா கண்ணை மூடித் திறந்தார். "அதுல ஒண்ணாவது..."

சமையலறையிலிருந்து மரகதம் இருமினாள்.

"சரி, விடு. தை மாசம் வெச்சுக்கலாம். பொண்ணு உனக்குத்தான். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க மாமா."

"கல்யாணப் பத்திரிகையை நீ இங்கிலீஷ்ல எழுதக் கூடாது."

நான் சம்மதித்தேன். அவர் பயமும் நியாயம்தானே? வெள்ளிப் பரிசு வாங்கின இங்கிலீஷ், ராயபுரத்தில் யாருக்குப் புரியும்?

கல்யாணம் தை பதினான்கு. நஞ்சப்பனும் மாராத்தாள் அம்மாவும் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தாலி கட்டிவிட்டு மாலை மாற்றும்போது மரகதம் என் காதுப் பக்கம் குனிந்து, "அங்கிள்" என்றாள். சொல்லிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எல்லோர் முன்னாலும் அவள் என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் யாரும் இல்லாதபோது அங்கிள். காப்பி கொடுக்கும்போது அங்கிள், ரேஷனுக்குப் பை எடுத்துக் கொடுக்கும்போது அங்கிள், கோபம் வந்தால் சத்தமாக அங்கிள். எதற்குத்தான் சிரிக்கிறாள் என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண், இங்கிலீஷ் மேல் ஒரு ஆசை. புருஷனிடம்தானே பேச முடியும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள், இரண்டு நாளா? ஐம்பது வருஷம் தம்பி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்க்கிற தாளில் எல்லாம் எழுத வேண்டும் அல்லவா, பேர், வயசு, கூட இருப்பவர் யார், என்ன உறவு. நர்ஸ் சின்னப் பெண், கேரளத்துப் பக்கம். என்னைக் காட்டி, இவர் உங்களுக்கு யார் பாட்டி என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மரகதம், மூச்சு வாங்கிக்கொண்டே, "அங்கிள்" என்றாள். அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஆபீசிலிருந்து ஒருவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கே வந்தார். "ஐயா, உறவு தப்பா விழுந்திருக்கு. கணவர்னு திருத்திக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். "தப்பு ஒண்ணும் இல்லையே, சரியாத்தானே போட்டிருக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மரகதம் சிரித்தாள் தம்பி. கட்டில் ஆடியது, மூக்கில் இருந்த குழாய் கழன்றது, நர்ஸ் ஓடி வந்து திட்டினாள், அவளைத் திட்டாமல் என்னைத் திட்டினாள். அதற்கப்புறம் நாலு நாள் இருந்தாள். அந்த ஆஸ்பத்திரிக் கணக்கில் நாலு நாளும் நான் அவளுக்கு அங்கிள்தான். ஒருவரையும் திருத்த விடவில்லை.